டிக்கியில் படுத்திருந்த சைலன்சர்

இருபத்திரண்டு வயதில் மனிதனுக்கு மூளை எங்கே இருக்கும் என்று என்னைக் கேட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் வலது காலில் என்று சொல்வேன். என்னுடையது அங்கேதான் இருந்தது. அதுவும் செருப்புக்கு அடியில்.

எழுபதுகளின் நடுவில் பாண்டிச்சேரியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். அங்கே யாரும் சீந்தாமல் கிடந்த ஒரு பழைய காரை முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். அதை ஓட வைத்ததோடு நான் நிறுத்தியிருக்கலாம். சைலன்சரைக் கழற்றிவிட்டு, டீசல் பம்புசெட்டின் புகைக்குழாய் ஒன்றை வெட்டி அங்கே பற்றவைத்தேன். கத்தரிக்காய் நிறத்தில் பெயின்ட் வேறு. (எனக்கு ரேஸ் கார் என்று நினைப்பு. கேட்டவர்கள் நெல் மிஷின் என்றார்கள்.) ஓட்டத்தில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டமார் என்று வெடிக்கும். அதனால் அடிக்கடி எடுப்பேன்.

ஒரு புரட்டாசி மத்தியானம், ஊருக்குக் காட்டலாம் என்று எங்கள் ஊர் மரக்காணத்துக்குக் கிளம்பினேன். வானம் மூட்டமாக இருந்ததாம். நான் கண்ணாடியில் என் கிராப்பைப் பார்த்துக்கொண்டு வந்ததால் அது கண்ணில் படவில்லை.

அப்பா அங்கே உப்பளம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அந்த வருஷத்து உப்பு முழுவதும் ரோட்டோரம் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருந்தது. அதை விற்றுத்தான் அக்கா கல்யாணம். ஐப்பசியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. லாரி வருகிறது என்று அன்று காலையில்தான் அம்பாரங்களை மூடியிருந்த பனையோலையை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். லாரி வரவில்லை. நான் வந்தேன்.

உப்பளத்து ஆட்கள் இடிச் சத்தம் கேட்டால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். ஒரு பெரிய மழை போதும், வருஷத்து உழைப்பு தண்ணீராகிவிடும். நான் ரோடு நெடுக டமார் டமார் என்று வர, அப்பாவிடம் வேலை பார்த்த அஞ்சலை அக்கா, "இடி இடிக்குதுடி, ஓலையைப் போட்டு மூடுங்க" என்று குரல் கொடுத்திருக்கிறார். சாப்பிட உட்கார்ந்த பெண்கள் சோற்றை அப்படியே வைத்துவிட்டு ஓடியிருக்கிறார்கள். பக்கத்து அளங்களிலும் அதே ஓட்டம். அத்தனை பேர் ஓடுவதைப் பார்த்த நான், என் காரைப் பார்க்கத்தான் ஓடி வருகிறார்கள் என்று நினைத்து ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனேன். (இதை எழுதும்போதுகூட காது சுடுகிறது.)

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் எஸ்.ஐ. நிறுத்தினார். தமிழ்நாட்டில் மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம். பாண்டியிலிருந்து வரும் வண்டி என்றாலே டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். திறந்தேன். உள்ளே ஒரு பாட்டில்கூட இல்லை. ஒரே ஒரு சாமான்தான் இருந்தது.

"இது என்னாப்பா?"

"சைலன்சர் சார்."

"இது எங்க இருக்கணும்?"

"வண்டிக்கு அடியில சார்."

"அப்ப ஏன் டிக்கியில படுத்துனு இருக்குது?"

எஸ்.ஐ. சாவியை வாங்கிக்கொண்டு என்னை உள்ளே கூப்பிட்டார். அதற்குள் அஞ்சலை அக்காவும் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே அப்பா.

"சார், இந்தப் புள்ள வண்டியை இடின்னு நெனச்சுட்டோம். இருக்கிற அம்பாரத்தை எல்லாம் மூடிட்டு நிமிந்தா, இது கையை ஆட்டினு போவுது. சோத்தை எல்லாம் காக்கா தின்னுட்டுப் போயிடுச்சு" என்றார் அஞ்சலை அக்கா.

அப்பா என் பக்கமே திரும்பவில்லை. "கேஸ் போடுங்க சார். என் புள்ளைன்னு பாக்காதீங்க" என்றார். பிறகு அஞ்சலை அக்காவிடம், "லாரி சாயந்திரம் வந்தாலும் வரும். ஓலையை எடுத்துடுங்கம்மா" என்றார்.

"ஆவாதுங்க. ஒரு நாளைக்கு ஒரு தபாதான் ஓடுவோம். எடுக்கணும்னா உங்க புள்ளையை எடுக்கச் சொல்லுங்க."

எஸ்.ஐ.க்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்ல யோசனை. போய் எல்லா ஓலையையும் நீயே எடுத்துட்டு வா. கேஸை அப்புறம் பாக்கலாம்" என்றார். நான் பெல்பாட்டத்தை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டேன்.

டமார் என்று ஒரு சத்தம்.

மொத்த ஸ்டேஷனும் என்னைத் திரும்பிப் பார்த்தது. "நான் இல்ல சார்" என்று இரண்டு கைகளையும் தூக்கினேன். எஸ்.ஐ. தன் கையிலிருந்த சாவியை ஒரு முறை பார்த்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் ஸ்டேஷன் ஓட்டின் மேல் மழை கொட்டத் தொடங்கியது. சாயந்திரம்வரை விடவில்லை. அம்பாரங்கள் மேல் ஓலை அப்படியே இருந்தது. அப்பா பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சாரல் அவ்வளவு தூரம் வரவில்லை.

எஸ்.ஐ. எல்லோருக்கும் டீ வாங்கி வரச் சொன்னார். பிறகு சாவியை நீட்டி, "கேஸ் எழுதல. ஆனா நாளையிலேர்ந்து இந்த ரோட்டுல நீ வர்றதும் போறதும் எனக்குத் தெரியவே கூடாது" என்றார்.

சைலன்சர் பழைய இடத்துக்குப் போனது. அக்கா கல்யாணம் குறித்த முகூர்த்தத்தில் நடந்தது; பெண் மாப்பிள்ளை ஊர்வலம் அந்தக் கத்தரிக்காய்க் காரில்தான். முன் சீட்டில் அஞ்சலை அக்கா உட்கார்ந்து, "இப்பதான் காரு மாதிரி இருக்குது" என்றார். சோற்றை விட்டுவிட்டு ஓடிய பெண்களையும், எழுதாத அந்தக் கேஸையும் நான் நினைக்காத மழைக்காலம் இல்லை. எல்லோரையும்விட, அன்று அப்பாவிடமே "ஆவாது" என்று சொன்ன அஞ்சலை அக்காவுக்கு எங்கள் குடும்பமே நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அக்கா இப்போது வானூரில் இருக்கிறாள். அங்கே இடி இடித்தால் முதல் போன் எனக்குத்தான் வரும்.

"டேய், எங்க இருக்க?"

"வீட்டுலதான்க்கா."

"அப்ப நெஜமாவே மழைதான்" என்று சொல்லிவிட்டு, கொடியில் காயும் துணியை எடுக்கப் போய்விடுவாள்.