பாங்காக்கில் தொலைந்தது யார்

ஓய்வெடுப்பதற்குக்கூட அட்டவணை போடுகிற ஆளோடு யாரும் வெளிநாடு போகக் கூடாது. என் மனைவி செல்விக்கு வேறு வழி இல்லை. அந்த ஆளைத்தான் அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.

எங்கள் முதல் வெளிநாட்டுப் பயணம். நான்கு நாள், பாங்காக். விழுப்புரத்தில் என் அலுவலகத்தில் சொன்னபோது, "பாங்காக்குக்கா? பொண்டாட்டியோடவா?" என்று ஒருவர் அனுதாபப்பட்டார். நான் கண்டுகொள்ளவில்லை. "சும்மா ரிலாக்ஸா போயிட்டு வர்றோம்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வீடியோ வீடியோவாகப் பார்த்துத் திட்டம் போட்டேன். டீ குடிக்க எங்கே உட்காருவது என்பதுவரை முடிவாகியிருந்தது.

செல்வி கேட்டது ஒன்றுதான். "ஒரு நாளாவது காலையில தூங்க வுடுவீங்களா?"

திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் அவளுக்கு வேலை. விடியும் முன்பே எழுந்து சமைத்துவிட்டு பஸ் பிடிப்பவள். நானோ, "தூங்குறதுக்கா பாங்காக் போறோம்?" என்றேன். (அப்போதே யாராவது என் மண்டையில் தட்டியிருக்கலாம்.)

முதல் நாள் இருட்டோடு எழுப்பிவிட்டேன். இரண்டு கோயில், ஒரு சந்தை முடிந்து மேம்பால ரயில் நிலையத்துக்கு வந்தபோது, புதுச் செருப்பு கடித்து அவள் நொண்டிக்கொண்டிருந்தாள். ரயில் வந்தது. "ஜல்தி வா செல்வி" என்று நான் பாய்ந்து ஏறினேன். அவள் செருப்பு வாரைத் தளர்த்தக் குனிந்திருந்தாள். கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிமிர்ந்து பார்த்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அவளுடைய போன், பாஸ்போர்ட், பணம் எல்லாம் என் தோள்பையில். (பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கி வைத்த புத்திசாலி நான்தான்.)

அடுத்த நிலையத்தில் இறங்கி எதிரே நின்ற ரயிலில் ஏறினேன். பதற்றத்தில் அது வேறு தடத்து வண்டி என்று பார்க்கவில்லை. ஊரின் ஏதோ ஒரு கோடியில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்த ரயில்வே ஊழியரான ஒரு பெண், மனைவியை எந்த நிலையத்தில் விட்டேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாங்காக்கிலுள்ள கோயில் பெயரெல்லாம் மனப்பாடம். அந்த நிலையத்தின் பெயர் மட்டும் வாயில் வரவில்லை. அழுதுவிட்டேன். சத்தமாகவே.

மேல்மலையனூர் கோயிலில் நெற்றி நிறையக் குங்குமத்தோடு செல்வி நிற்கும் படத்தைப் போனில் காட்டினேன். அந்தப் பெண் அதை எங்கெங்கோ அனுப்பினார். சற்று நேரத்தில் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. சிரித்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், சரியான ரயிலில் என்னை ஏற்றிவிட்டார்.

நிலையப் படிக்குக் கீழே, பழவண்டி நிழலில், நிலையக் காவலர் ஒருவர் போட்டுக்கொடுத்த நாற்காலியில் செல்வி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் மிளகாய் உப்பு தூவிய கொய்யா. பழக்காரம்மா அவள் காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தார்.

"பயந்துட்டியா?" என்றேன். குரல் எனக்குத்தான் நடுங்கியது.

"நானு எங்கியும் போவலியே. இங்கியேதான் குந்திக்கினு இருக்கேன். நீங்கதான் தொலைஞ்சி போனீங்க." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு துண்டு கொய்யாவை நீட்டினாள். "சாப்புடுங்க. கண்ணத் தொடச்சிக்குங்க, அந்தம்மா பாக்குது."

மீதி நாட்களில் நாங்கள் எங்கும் அலையவில்லை. வெயில் ஏறும்வரை அவள் தூங்கினாள். மாலையில் ஆற்றோரம் உட்கார்ந்து படகு பார்த்தோம். பாங்காக்கில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டவர்களிடம் மழுப்பினேன்.

இப்போதும் சென்னைக்குப் போகும் வழியில் பஸ் டீக்கு நின்று நான் இறங்கினால், செல்வி கண்டக்டரிடம் மறக்காமல் சொல்லிவைக்கிறாள். "எங்க வூட்டுக்காரரு ஏறிட்டாரான்னு பாத்துட்டு விசில் குடுங்க. வுட்டுட்டுப் போனா அழுவாரு."