வாயுவேகன் மேட்டில் நின்ற படலம்

கரியுண்டு புகையுமிழ்ந்து, காண்பவர் காதடைக்க உறுமி, ஏறியவரையே இறக்கித் தள்ளவைக்கும் ஏந்தலே, வாழ்க! முதுகில் அடுப்பையும் வயிற்றில் மாந்தரையும் சுமந்து, இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட புழுதிப் பெருவழியை நாள்தோறும் அளந்த நாயகனே, நெற்றியில் நீலச்சாயத்தால் 'வாயுவேகன்' என்று பெயர் தீட்டப்பெற்ற கரி பஸ்ஸே, வாழ்க! உன் புகழைப் பாட அக்கினியும் வாயுவும் எனக்குத் துணைநிற்பார்களாக. அவர்கள் உனக்கே ஒழுங்காகத் துணைநின்றதில்லை என்பது வேறு விஷயம்.

கடல்களுக்கு அப்பால் மன்னாதி மன்னர்கள் மகாயுத்தம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. பெட்ரோலெல்லாம் விமானங்களுக்குப் போய்விட, நம் பக்கத்து பஸ்களுக்கு அடுப்புக்கரியே அமுதமாயிற்று. பின்புறத்து இரும்பு உருளையில் கரியைக் கொட்டி, கிளீனர் வியர்க்க விறுவிறுக்கச் சக்கரத்தைச் சுற்றிக் காற்றூதினால், எழும் புகையின் அருளால் எஞ்சின் ஓடும். அருள் குறைந்தால் நின்றுவிடும். நின்றதைக் கிளப்புவது பெரும்பாடு என்பதால், இரண்டு டவுனுக்கும் நடுவே ஒரே ஓரிடத்தில்தான் பஸ் நிற்கலாம் என்று மேலிடத்தார் ஆணையிட்டனர். அந்த இடம் எதுவென்பதை வழியிலுள்ள இரு பஞ்சாயத்து போர்டுகளும் கூடிக் கலந்து, மனமொத்துத் தீர்மானிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டனர். கீரியையும் பாம்பையும் ஒரே கூடையில் போட்டு, ஒற்றுமையாக இருங்கள் என்று மூடிவைத்த கதைதான்.

பள்ளத்தில் இருந்தது வாகைப்பொட்டல். மேட்டைத் தாண்டி இருந்தது கொக்கூரணி. நடுமேட்டில் இருந்ததெல்லாம், காக்கைக்குக்கூட நிழல் தராத முள்ளடர்ந்த ஓர் ஒற்றை உடைமரம்.

வாகைப்பொட்டல் போர்டின் பிரசிடெண்ட், மீசைக்கு நெய்யிட்ட நேரத்தில் ஊர்ச் சாக்கடையைத் தூர்வாரியிருக்கலாம் என்று உள்ளூராரால் போற்றப்பட்ட வீரர் கருத்தையா. கொக்கூரணி போர்டின் பிரசிடெண்ட், மழைக்கும் விரிக்காமல் வெயிலுக்கும் விரிக்காமல் குடையைச் செங்கோலாகவே ஏந்திவந்த கோமான் இருளப்பசாமி. இவ்விரு பெருமக்களும் கூட்டுக்கூட்டம் கூடிய போதெல்லாம், கைவைத்த நாற்காலியில் யார் அமர்வது என்ற தத்துவ விசாரத்திலேயே பொழுது சாய்ந்தது. இருவரில் யார் பெரியவர் என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு ஊர்ப் பந்தியிலும் எனக்கு இலை உண்டு.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பஸ் முதலாளி, கடைசியில் ஒரு பிரகடனம் செய்தார். "வார செவ்வாக்கெழம காலையில பஸ் எங்க மொதல்ல நிக்குதோ, அதான் ஸ்டாப்பு. பொறவு யாரும் எங்கிட்ட வரப்பிடாது!"

செவ்வாய்க்கிழமை புலர்ந்தது. வாயுவேகனுக்குள், முன்வரிசையில், இரவல் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டு வீற்றிருந்தான் அருளப்பன். இராஜபாளையத்துப் பஞ்சாலையில் நூல் கண்டுகளோடு மல்லுக்கட்டும் அவனுக்கு அன்று கல்யாணம். மணப்பெண் இன்பம் ஸ்ரீவில்லிபுத்தூர் மாதா கோயிலில் காத்திருந்தாள். மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது. பெண் வீட்டில் ஒரு சாவு விழுந்து ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம் வேறு. சாமியாரோ மத்தியான ரயிலில் வெளியூர் கிளம்புகிறவர். விடிந்தால் விபூதிப் புதன். தபசுகாலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் கோயிலில் கல்யாணம் கிடையாது. ஆகவே அருளப்பனின் உயிரெல்லாம் அந்தக் கரியடுப்பில்தான் கனன்றுகொண்டிருந்தது. பக்கத்தில் தாலிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவன் அக்காள் ஏசம்மாள் உட்கார்ந்திருந்தாள். பின்னால் கல்யாணச் சனம் நெருக்கியடித்து இருந்தது.

வாகைப்பொட்டலில் மாலையும் மேளமும் தேங்காயும் சூடமுமாகக் கருத்தையாவின் சேனை சாலையை அடைத்து நின்றது. ஆனால் தேரோட்டியாகிய டிரைவர் பொன்னுராஜ், மேடேறும் முன் வேகத்தைக் குறைத்தால் குடி கெட்டது என்று அறிந்தவர். தலையை வெளியே நீட்டி முழங்கினார். "வெலகுங்கலே! இங்கன நிறுத்துனா மேட்டுக்கு எவன் தூக்கிட்டுப் போவான்?" சேனை சிதறியது. கருத்தையா குறிபார்த்து வீசிய ஆளுயர மாலை, வாயுவேகனின் நெற்றியைத் தவறவிட்டு, பின்னால் தொங்கிக்கொண்டிருந்த கிளீனரின் கழுத்தில் விழுந்தது. சேனை மேளத்தோடு பஸ்ஸைத் துரத்தியது.

அந்தோ! நடுமேட்டில், உடைமரத்துக்கு நேராக, வாயுவேகன் ஒருமுறை இருமினான். மறுமுறை விக்கினான். அதன்பின் அசையவில்லை.

மேட்டுச்சியிலிருந்து இதைக் கண்ட இருளப்பசாமி, குடையை உயர்த்தினார். கொக்கூரணிச் சேனை தவில் அதிர இறங்கிவந்தது. அப்போது கருத்தையா, மூச்சிரைக்க, உலகம் அதுவரை கேளாத ஒரு சட்டப் பிரமாணத்தை வெளியிட்டார். "இது நின்னதுல சேராது! மூச்சு வாங்குது! எங்க ஊருக்கு வந்துதான் நிக்கும்!"

"மூச்சு வாங்கிட்டு எங்க ஊர்லதான் வே வந்து நிக்கும்!" என்று எதிர்முழங்கினார் இருளப்பசாமி.

இங்கேதான் போர்க்கலையில் ஒரு சிக்கல் எழுந்தது. பஸ்ஸைப் பின்னால் துரத்திவந்த வாகைப்பொட்டலார், அதைக் கீழே தள்ளிக்கொண்டுபோக வேண்டுமானால் முன்னால் போக வேண்டும். முன்னாலிருந்து வந்த கொக்கூரணியார், மேலே தள்ள வேண்டுமானால் பின்னால் போக வேண்டும். ஆகவே இரு சேனைகளும் பஸ்ஸின் இருபுறமும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வழிவிட்டுக்கொண்டு, பழக்கதோஷத்தால் சம்பந்தி வீட்டாரை நலம் விசாரித்துக்கொண்டு, இடம் மாறின. பிறகு தொடங்கியது யுத்தம். முன்னவர் கீழ்நோக்கித் தள்ள, பின்னவர் மேல்நோக்கித் தள்ள, நரம்பு புடைத்து, வேட்டி நெகிழ்ந்து, புழுதி எழுந்து கதிரவனை மறைக்க, சரிவின் துணை முன்னவர்க்கும் ஆள்பலம் பின்னவர்க்குமாகச் சமன்பட, வாயுவேகன் மலைபோல் இருந்த இடத்திலேயே இருந்தான். சக்கரத்துக்குக் கல் வைக்க ஓடிய கிளீனர், எந்தப் பக்கம் வைத்தால் எந்த ஊர் அடிக்கும் என்று தெரியாமல், கழுத்தில் மாலையும் கையில் கல்லுமாக நின்றுகொண்டிருந்தான்.

வெயில் ஏறியது. சாமியாரின் ரயில் நேரம் நெருங்கியது. இன்பம் கோயில் வாசலை எத்தனை முறை எட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைத்ததும் அருளப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பியின் கண்ணைப் பார்த்தாள் ஏசம்மாள். தாலிப்பெட்டியை அவன் கையில் கொடுத்துவிட்டு, கீழே இறங்கி, உடைமரத்தடியில் போய்ச் சம்மணமிட்டு அமர்ந்தாள்.

"ஏலே, செத்த நேரம் மேளத்த நிறுத்துங்கலே! அண்ணாச்சிமாரே, ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. இன்னைக்கு எந்தம்பி தாலி கட்டலைன்னா ஈஸ்டர் வரைக்கும் கட்ட முடியாது. மானங்கெட்டு வீட்டுக்குத் திரும்ப எங்களால ஏலாது. பொண்டு பிள்ளைகளோட அம்புட்டு பேரும் ஈஸ்டர் வரைக்கும் இந்த மரத்தடியிலதான் கெடப்போம். ஒரு நேரம் வாகைப்பொட்டல் சோறு, ஒரு நேரம் கொக்கூரணிச் சோறு. தபசுகாலம், கறி மீனு வேண்டாம். கொழம்பு, ரெண்டு கூட்டு, அப்பளம் போதும். எந்த நேரத்துக்கு எந்த ஊருன்னு ரெண்டு போர்டும் சேந்து தீர்மானம் போட்டுக்கிடுங்க!"

தள்ளிய கைகள் அத்தனையும் தளர்ந்தன. இரு பிரசிடெண்டுகளும் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தார்கள். கல்யாணச் சனத்தின் தலைகளை எண்ணினார்கள். அதில் ஒரு பெரியவர் சோற்றுக்காகவே படைக்கப்பட்ட வயிற்றோடு அமர்ந்திருந்தார். பிறகு அவ்விருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த இரண்டு போர்டுகளின் சரித்திரத்தில் முதன்முறையாக இருவருக்கும் ஒரே எண்ணம் உதித்தது.

"மேல தள்ளுங்கலே!" என்று கர்ஜித்த கருத்தையா, அடுத்த கணமே இருளப்பசாமியிடம் திரும்பினார். "அப்ப ஸ்டாப்பு?"

இருளப்பசாமி தம் குடையை உடைமரத்தடியில் நாட்டினார். "நின்ன எடம் இதுதானவே. ஒம்ம ஊரும் இல்ல, எங்க ஊரும் இல்ல. நீரு முன்மொழியும். நான் வழிமொழியுதேன்."

முன்மொழியும் பெருமையைக் கைவைத்த நாற்காலியையே தந்ததுபோல் விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று கருத்தையா மீசை துடிக்க உருகினார். உருகியவர், அங்கேயே முன்மொழிந்தார். மேட்டில் ஏற்றிவிட ஊருக்கு நாலு ஆள் தினமும் வர வேண்டும் என்ற துணைத் தீர்மானமும், கரிப்புகையின் நடுவே, ஏகமனதாக நிறைவேறியது.

அதன்பின் நிகழ்ந்ததை என்னவென்று சொல்வேன்! பகைமறந்த இரு சேனைகளும் பின்புறம் அணிவகுத்து, தவிலும் மேளமும் முதல்முறையாக ஒரே தாளம் பிடிக்க, மாலையணிந்த கிளீனர் சக்கரத்தைச் சுழற்ற, மணமகனும் பொறுக்கமாட்டாமல், திரும்ப ஏறிவந்த அக்காள் மடியில் தாலிப்பெட்டியை வைத்துவிட்டு, இரவல் கோட்டோடு குதித்து, கரிபடிந்த பின்கம்பியில் கைவைத்துத் தள்ள, கருத்தையாவின் தோளும் இருளப்பசாமியின் தோளும் உரசிக்கொள்ள, "ஏலேலோ" என்ற பேரொலி எழ, வாயுவேகன் செருமினான், சிலிர்த்தான், சீறினான், மேட்டைக் கடந்தான்! ஓடிப்போய்த் தொற்றிக்கொண்ட அருளப்பனை உள்ளே இழுத்துப் போட்டாள் ஏசம்மாள். கோயில் வாசலில் பெட்டியும் குடையுமாக நின்ற சாமியார், இரண்டையும் கீழே வைத்தார். கரிபடிந்த விரல்களால் அருளப்பன் தாலி கட்ட, இன்பத்தின் கழுத்தில் ஐந்து கறுப்புத் தடங்கள் பதிந்தன. அவள் கோயிலென்றும் பாராமல் சிரித்துவிட்டாள். சாமியாரும் ரயிலைப் பிடித்துவிட்டார்.

இவ்வாறாக, பாம்பும் கீரியும் ஒரே கூடையில் படுத்துறங்க, ஊர் இரண்டும் உள்ளம் ஒன்றாக, அந்த ஒற்றை உடைமரம் கூட்டாட்சியின் கொடிமரமாக ஓங்கி நிற்க, தரும தேவதை தன் புழுதிபடிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு மைல் நடந்து வந்து, பஸ்ஸைத் தள்ளிவிட்டு ஏறிப்போனார்கள்.