நேரில் வந்தவர்

'நேரில் வந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. வீட்டுக்கு வீடு இயந்திரப் பதிலாள் வந்துவிட்ட இந்தக் காலத்தில், எங்கேயும் தாம் போகாமல் அதை அனுப்பிவிட்டு, "நானே நேர்ல வந்துட்டேன் பாருங்க" என்று அதன் வாயாலேயே சொல்கிற ஆசாமி அவர். உடம்பு வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடக்கும். தலையில் ஒயர் வைத்த குல்லாய். பதிலாளோ பஸ் பிடித்து அலுவலகம் போகும், ஆஸ்பத்திரியில் கிடக்கும் பெரியப்பாவைப் பார்த்து உச்சுக் கொட்டும், துக்க வீட்டில் மூலையில் நின்று கண்ணைத் துடைக்கும், சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் சமாதானமும் பேசிவிட்டு வரும். நாற்காலிக்காரர் அதுவரை வேர்க்கடலை கொறித்துக்கொண்டிருப்பார். நோகாமல் நுங்கு தின்பது என்பது இதுதான்.

பதிலாளுக்கு முகம் செய்யக் கொடுக்கிற போட்டோ எப்போதும் கல்லூரிக் காலத்தது. தொப்பையைக் கம்பெனிக்காரன்தான் மறந்துவிட்டானாம். கேட்டால், "அளவெடுக்க வந்த பையன் அவசரத்துல போயிட்டான்" என்பார். நம்பித்தான் ஆகவேண்டும்.

எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் கம்பெனி மேற்பார்வையாளர் இந்த இனத்தில் முதல் தரம். அவருடைய அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் என்றால் அவரும் கூட வேலை பார்ப்பவர்களுமாக நாலு பேரும் மெனக்கெடுவானேன்? தங்கள் பதிலாள்களின் ரகசிய நம்பரை ஒருவருக்கொருவர் கொடுத்து வைத்திருந்தார்கள். ஒருவர் குல்லாய் மாட்டிக்கொண்டு நாலு பதிலாளையும் ஓட்டுவார். தானே பேசி, தானே ஆமோதித்து, தானே கைதட்டுவார். மற்ற மூவரும் தூங்குவார்கள். இப்படி ஓர் ஒற்றுமையை வேறு எந்த அலுவலகத்தில் பார்க்க முடியும்?

அந்த ஒற்றுமையில்தான் மண் விழுந்தது. ஒரு கூட்ட நாளில் மேற்பார்வையாளரின் பதிலாள் மானேஜரை மாடிப்படியில் பிடித்துத் தள்ளிவிட்டது. லிஃப்ட் கம்பெனியில் மாடிப்படி! மானேஜருடைய பதிலாள் பழுது பார்க்கப் போயிருந்ததால், பாவம், அன்றைக்கு அவர் சொந்த உடம்போடு வந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அன்றைக்கு ஓட்டியது யார் என்று விசாரித்தால் மற்ற மூன்று பேரும் கையை விரித்தார்கள். பதிலாள் யாருடையதோ குற்றம் அவருடையது என்பது சட்டம். அந்த நேரத்தில் அவர் குல்லாய் மாட்டவில்லை என்று யாராவது சாட்சி சொன்னால்தான் தப்பலாம். இல்லாவிட்டால் சிறை.

மேற்பார்வையாளர் அசரவில்லை. அவரிடம் சாட்சி இருந்தது. அன்றைக்குத் தூக்கம் வராமல், மனசு சரியில்லாமல், அதிசயமாகச் சமையலறைக்கு எழுந்துபோய் மனைவிக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். மனைவியும் ஆமாம் என்றார். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், விட்டுவிடத்தான் பார்த்தார். மேற்பார்வையாளரைத் தனியாக அழைத்து, மனைவியிடம் பேசியது என்னவென்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்த அம்மாளிடம் வந்தார்.

"அவர் சொன்னதுல ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, போதும். இப்பவே கிளம்பிடறேன்."

அம்மாள் யோசித்தார். முந்தானை நுனியைத் திருகிக்கொண்டு இன்னும் யோசித்தார்.

"குழம்புல உப்பு கம்மின்னு சொன்னார் சார்."

எழுதி வாங்கியதில் உப்பும் இல்லை, குழம்பும் இல்லை. அப்புறம் துருவித் துருவிக் கேட்டதில் உண்மை வெளியே வந்தது. சமையலறையில் இருந்தது அம்மாளின் பதிலாள். அம்மாள் தலைவலி என்று உள்ளறையில் படுத்திருந்தார். பதிலாளில் 'ஊம்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டிவிட்டால் எதிரில் பேசுகிறவர் முகத்தையே பார்த்துக்கொண்டு, வாக்கியத்துக்கு ஒருமுறை 'ம்ம்' கொட்டி, நடுநடுவே 'அப்புறம்?' என்று கேட்கும். ஒன்றையும் காதில் வாங்காது. வீட்டுக்காரர் பேசும்போது தட்டிவிடுவது வழக்கம்தான் என்று அம்மாள் ஒப்புக்கொண்டார். அம்மாளைக் குறை சொல்ல முடியுமா? இத்தனை வருஷமாக அந்தச் சமையலறை மேஜைக்கு வீட்டுக்காரருடைய பதிலாள்தானே வந்து உட்கார்ந்தது. இந்த ஒருநாள் நிஜ ஆளே வந்துவிட்டார் என்று யார் கண்டார்கள்?

மேற்பார்வையாளரை ஜீப்பில் ஏற்றினார்கள். அம்மாள் மூன்று மாடியும் இறங்கி வெறுங்காலோடு ஓடிவந்தார். தமக்கென்று செருப்பு வாங்கியே வருஷங்கள் ஆகியிருந்தன. ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றவரின் புறங்கையை மேற்பார்வையாளர் ஒரு கிள்ளு கிள்ளிப் பார்த்தார். அம்மாள் 'ஸ்ஸ்' என்று முகம் சுளித்தார். அதைப் பார்த்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார்.

"பயமா இருக்குன்னு சொன்னேன். என் பதிலாளை எவன் எப்ப ஓட்டுறான்னே தெரியல, வேலையை விட்டுடவான்னு உன்னைக் கேட்டேன்."

"நான் என்னங்க சொன்னேன்?"

"ம்ம்னு சொன்னே."

ஜீப் கிளம்பிவிட்டது.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். நம் வீட்டில்தான் பதிலாளே கிடையாதே என்று நெஞ்சை நிமிர்த்தலாம். சரி, நிமிர்த்துங்கள். ஆனால் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒருவர் வந்து நின்று உங்களிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அவர் என்ன சொன்னார்?