பெருவிரல் படுத்திய பாடு

"அங்கிள், பெருவிரல இன்னொரு தடவ வைங்க."

ஹரோல்ட் வைத்தார். மெஷின் மறுபடியும் சிவப்பு விளக்கைக் காட்டியது.

"ரேகையே விழலயே," என்றாள் பேங்க் கவுண்டரில் இருந்த கரேன். "தோட்டத்து ஆளுங்களுக்கெல்லாம் இதே தொல்லதான். வேல செஞ்சு செஞ்சு தேஞ்சு போயிடுது."

ஹரோல்ட், ரிங்லெட் ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கத்தரி பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர். மகன் ராய்ஸ்டன் பிறந்ததுமே அவன் பெயரில் முதலீட்டுக் கணக்கு தொடங்கி, காப்பாளராகத் தாமே கையெழுத்துப் போட்டு, மாதம் தவறாமல் பணம் கட்டி வந்தார். அவன் காலேஜ் போக வேண்டும், அதற்குத்தான். ஆனால் பையனுக்குப் பதினெட்டு ஆகும் அன்று காப்பாளர் கழன்றுகொள்ள வேண்டுமாம். பணம் முழுக்க அவன் கையில்!

பையனோ போனில் பெரிய பெரிய மோட்டார் சைக்கிள் படங்களாகப் பார்க்கிறான். சனி, ஞாயிறு விடிந்தால் கூட்டாளி ஷர்வினோடு கோலா தெர்லா பக்கம் கிளம்பிவிடுகிறான். இருட்டி வந்து, எங்கே போனாய் என்று கேட்டால், "சும்மாதான் லா, பா" என்று கவிழ்ந்து படுத்துவிடுகிறான்.

மோட்டார் கடையேதான். ஹரோல்டுக்குச் சந்தேகமே இல்லை. பிறந்தநாளுக்குள் பணத்தைத் தம் பெயருக்கு மாற்றியாக வேண்டும். அதற்கு மெஷினில் ரேகை விழ வேண்டும்.

வீட்டில் மனைவி தெரசம்மாள் உப்பும் எலுமிச்சையும் எடுத்து வந்தாள். "தேயிலக் கறைங்க. தேச்சா போயிடும்."

கறை போயிற்று. தோலும் போயிற்று.

எரிச்சலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு பேங்குக்கு ஓடினார். விரல் வழுக்கியது. அவருக்குப் பிறகு அந்த மெஷின் அன்று யார் விரலையும் ஏற்கவில்லை. வரிசையே திரும்பி அவரை முறைத்தது.

"விரலுக்கு ரெஸ்ட் குடுங்க அங்கிள்," என்றாள் கரேன், மெஷின் கண்ணாடியைத் துடைத்தபடி. "புதுத் தோல் வரட்டும்."

விரலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். கங்காணி நாகப்பன் பார்த்துவிட்டார்.

"என்னய்யா, பெருவிரலுக்கு மழைக்கோட்டா?"

"ரேகை வளக்கிறேன், கங்காணி."

"கொழுந்து வெட்டச் சொன்னா ரேகை வளக்கிறியா நீ!"

பெருவிரலைத் தூக்கிக்கொண்டே கத்தரி பிடித்ததில் செடிகள் அரைகுறை முடிவெட்டோடு நின்றன. நாகப்பன் அவரை மூட்டை சுமக்க அனுப்பிவிட்டார்.

"தெரசா, தோல் வந்துருச்சா பாரு."

"வரும்ங்க. இப்படிப் பாத்துக்கிட்டே இருந்தா அதுக்கும் வெக்கமா இருக்காதா?"

ஆற அமர அது வந்து சேர்ந்தபோது பிறந்தநாளும் வந்துவிட்டது. எழுந்து பார்த்தால் படுக்கையில் பையன் இல்லை. ஹரோல்ட் ரோட்டுக்கு ஓடினார்.

காய்கறி லோரி ஒன்றை மறித்து ஏறினார். மலைப்பாதையில் அது ஊர்ந்தது. பெருவிரலை மெழுகுவத்தி போல் தூக்கிப் பிடித்தபடியே பேங்குக்குள் நுழைந்து மெஷினில் வைத்தார்.

பச்சை விளக்கு!

"வுளுந்துருச்சும்மா!" என்று கத்தினார். வரிசையில் யாரோ கைகூடத் தட்டினார்கள்.

கரேன் மட்டும் தயங்கினாள். "அங்கிள், இன்னிக்கு அவருக்குப் பதினெட்டு. இனிமே உங்க ரேகை செல்லாது."

ஹரோல்ட் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தார். "அவன் வந்தானா? எல்லாத்தயும் எடுத்துட்டானா?"

"எடுக்கல, அங்கிள். சனி ஞாயிறு தோட்ட வேல சம்பளம்னு கொஞ்சம் காசு போட்டுட்டுப் போனாரு. கணக்கத்தான் அவர் பொறுப்புக்கு மாத்த முடியல," என்றாள் கரேன். "அவர் பெருவிரலும் மெஷின்ல விழல."