ஃப்ரிட்ஜுக்குள் தெருவின் திருஷ்டி

எனக்கு வயது எழுபத்தாறு. வளர்த்த பிள்ளைகள் ஆறு. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்: விருதுநகரில் ஒரு தெருவையே துப்ப வைத்து, துப்பியவர்கள் வீட்டிலேயே காபியும் வாங்கிக் குடித்த மனிதர் ஒருவர்தான். எங்கள் மாடியில் குடியிருந்த எச்சில் டாக்டர்.

ஊசி போடத் தெரியாத ஆராய்ச்சி டாக்டர். காரியாபட்டிக்காரர். காய்ச்சல் என்று போனால், "எனக்கு அது தெரியாதும்மா, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பார். அதோடு விடமாட்டார். "போறதுக்கு முன்னால இதுல கொஞ்சம் துப்பிட்டுப் போங்களேன்" என்று குப்பியை நீட்டுவார்.

நம் மரபணுவுக்குள் சில துண்டுகள் இருக்கின்றனவாம். தன்னைப் போலவே இன்னொன்று செய்து, அதை வேறோர் இடத்தில் கொண்டுபோய் உட்கார்த்தி வைக்குமாம். தாய் தகப்பனிடம் இல்லாத இடத்தில் பிள்ளையிடம் புதிதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. அதற்குக் குடும்பம் குடும்பமாக எச்சில் வேண்டும். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. எதிர்வீட்டுக் கல்யாணப் பந்தியில் போய் இதைச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தேவிட்டார்.

"யோவ் டாக்டரு, இலையில பாயாசத்தை ஊத்திட்டு வாயைக் கட்டச் சொல்றீரா?"

எங்கள் தெருப் பெண்களுக்குத் துப்புவது என்றால் திருஷ்டி கழிப்பது ஒன்றுதான் தெரியும். உப்பும் மிளகாய் வத்தலும் சுற்றி, மூன்று தரம் துப்பி, நெருப்பில் போடுவது. அதனால் குப்பியைப் பிள்ளைகள் தலையைச் சுற்றித் துப்ப வைத்து, "மறக்காம எரிச்சிருங்க டாக்டரு" என்று கொடுத்தார்கள். எதற்கும் தலையாட்டுகிற மனிதர், இதற்கும் ஆட்டினார்.

குப்பிகள் எங்கள் ஃப்ரிட்ஜில்தான் இருந்தன. ஒரு நாள் ஐஸ் கேட்டு வந்த பக்கத்து வீட்டு முத்துமாரி கதவைத் திறந்துவிட்டாள்.

"யக்கா! தெருத் திருஷ்டி பூராம் உங்க மாவுச் சட்டிக்குப் பக்கத்துல குளுகுளுன்னு உக்காந்திருக்கு!"

தெரு கூடிவிட்டது. எல்லாவற்றையும் எரிக்க வேண்டுமாம். டாக்டர் முகம் வாடிப்போனது. எங்களுக்கு வத்தல் வியாபாரம். வீட்டில் வத்தலுக்கா பஞ்சம்? ஒரு கை அள்ளி, உப்பும் சேர்த்து, ஃப்ரிட்ஜுக்கே சுற்றி நெருப்பில் போட்டேன். நெடியே வரவில்லை.

"அம்புட்டும் திருஷ்டி! அதான் கமறல" என்றாள் முத்துமாரி. தெரு சமாதானமாகிக் கலைந்தது.

அடுத்து எங்கள் வீட்டு முறை. "இம்புட்டுப் பெரிய குடும்பம் எனக்கு எங்க கிடைக்கும்மா? இதுக்காகத்தான் காத்துக் கிடந்தேன்" என்று குப்பிகளோடு இறங்கி வந்தார். அவரை அடுக்களைக்குள் கூப்பிட்டேன்.

"டாக்டரு, நான் பெத்தது அஞ்சு. கடைக்குட்டி ராசாத்தி என் வயித்துல பொறக்கல. அவளுக்குத் தெரியும். திருத்தங்கல்ல அவ மாமியாருக்குத் தெரியாது. உங்க மிசின் சொல்லிருமா?"

"மிசின் ஊருக்குச் சொல்லாதும்மா. ஆனா எனக்குக் காட்டிரும்."

"அப்ப அவளை மட்டும் விட்டுருங்க."

"ஒருத்திய மட்டும் விட்டா ஏன்னு கேப்பாக." குப்பிகளை ஒவ்வொன்றாக மூடினார். "நம்ம மரபணுவுல கிட்டத்தட்டப் பாதி, எங்கனயோ இருந்து வந்து உக்காந்ததும், அதுக பெருகினதும்தான். அதுல எதைம்மா நம்மதில்லைன்னு சொல்றது?"

வெளியே போய், கூடியிருந்த என் மகன்களிடமும், திருத்தங்கலில் இருந்து வந்திருந்த ராசாத்தி மாமியாரிடமும் கையை விரித்தார்.

"உங்க வீட்டு எச்சில் ஆகாது. வத்தல் காரம் ஏறிப்போச்சு. மிசின் தாங்காது."

என் மகன்கள் இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். காத்துக் கிடந்த குடும்பத்தை விட்டுவிட்டு, வெறும் குப்பிகளோடு அவர் மாடி ஏறியது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று அவருக்கு இரண்டு தோசை கூடுதலாக வைத்தேன். வேறென்ன செய்ய?

அந்த மாமியார் போய்ச் சேர்ந்தாயிற்று. ராசாத்தியே எழுதச் சொன்னாள். என் கையெழுத்து கோணும்; நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் அவள் மகள்தான்.

ஏத்தா, ஆறுன்னுதான எழுதியிருக்க? எங்க, முதல்ல இருந்து வாசி.