அந்தப் பல நூறு வாசகர்கள் நான்தான்

அன்புள்ள மகளுக்கு,

சித்தப்பாவின் ஆசிகள். வீட்டில் அனைவரும் நலம். எனக்குத்தான் நீ அநியாயம் செய்துவிட்டாய். நான் தனி ஒருவனாகச் செய்த வேலையைத் தூக்கி ஊருக்கே பங்குபோட்டுக் கொடுத்துவிட்டாய்.

எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி நீ அனுப்பிய ஆய்வேட்டில் நான்காம் இயலைத் தாண்ட முடியவில்லை. எங்கள் நூலகத்தில் சமையல் புத்தகங்கள் வயிற்றுநோய் மருத்துவத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கின்றன, சொத்துச் சட்டம் குழந்தை வளர்ப்போடு சேர்ந்துவிடுகிறது, இதெல்லாம் ‘பல நூறு வாசகர்களின் கூட்டறிவு’ என்று எழுதியிருக்கிறாய். எந்தப் பல நூறு? மழைக்கு ஒதுங்குகிறவர்களைச் சேர்த்தாலும் அந்த நூலக மாடியில் ஒரு டஜன் தேறாது. அத்தனையும் நான் அடுக்கியது. எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல், ஓய்வுபெற்ற மறுநாள் முதல் நானே யோசித்து அடுக்கியது. நூலகர் தினமும் கெஞ்சுவார்.

“ஐயா, நம்பர் போட்டிருக்குல்ல, அந்தப்படி வைங்களேன்.”

“நம்பரைப் படிக்கவா தம்பி ஜனங்க வர்றாங்க?”

காலையில் நான் மாற்றுவேன், மாலையில் அவர் திருப்பி வைப்பார். இந்த இழுபறிக்குத்தான் நீ ‘வகைப்பாட்டுக்கும் வாசகருக்கும் இடையே நிகழும் உரையாடல்’ என்று பெயர் சூட்டியிருக்கிறாய்.

உன் சித்தியிடம் முறையிட்டேன். “ஒரே ஆளு செஞ்சதுன்னு தெரிஞ்சா அவ பட்டமே போயிடும். பேசாம இருங்க” என்றாள்.

“அப்ப என் உழைப்பு?”

“உழைப்பா! வீட்டுல ஒரு டம்ளரை எடுத்த இடத்துல வச்சிருக்கீங்களா?”

அதோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வில் நீயே எழுந்து உண்மையைச் சொல்லிவிடு. இல்லையென்றால் நான் வந்து சொல்வேன். இதில் மாற்றமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத
சித்தப்பா

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனால், அங்கே கையில் உன் ஆய்வேட்டோடு உன் பேராசிரியர் நிற்கிறார். என் கையில் சமையல் புத்தகம்.

“பெரியவரே, இங்க யாரோ ஒருத்தர்தான் புத்தகத்தையெல்லாம் மாத்துறாராமே, உண்மையா?”

பதினைந்து வருடமாக இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வாயைத் திறந்தேன். உன் முகம் வந்து நின்றுவிட்டது.

“ஒருத்தரா? நல்லா கேட்டீங்க! வர்றவங்க எல்லாருக்கும் இதே பொழப்பு சார்!”

அவர் நம்பவில்லை. வெள்ளிக்கிழமை வந்து நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கப் போகிறாராம். ஆகவே, சித்தி (மறுபடி பேசிக்கொண்டிருக்கிறோம்) சமையலை மருத்துவத்துக்கு நகர்த்த வேண்டும். என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் தபால்காரர் சட்டத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுப் பல் டாக்டர் மற்ற தட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் சிரிக்கக் கூடாது. நூலகர் அன்று ஒரு புத்தகத்தையும் திருப்பி வைக்கக் கூடாது. நான் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்டக் கூடாது. நீ பட்டத்தை வாங்க வேண்டும். வாங்கிய மறுநாளே, முதல் ஆராய்ச்சி அடியோடு தவறு என்று நிரூபிக்கும் இரண்டாவது ஆராய்ச்சியை, என் பெயரைப் போட்டுத் தொடங்க வேண்டும்.