ஆறு கட்டம், ஒரு அலமாரி

ஒரு தடவையாவது வீட்டில் தன் பேச்சு எடுபட்டே தீர வேண்டும் என்று மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டினார். வாயால் அது நடக்காது என்பது பதினெட்டு வருஷக் குடித்தனத்தில் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதனால்தான் பென்சிலைப் பிடித்தார்.

சமுதாயக் கல்லூரியில் சாயங்கால வகுப்பு. பாடம், படக்கதை வரைவது. கடையை அக்கா மகனிடம் விட்டுவிட்டு வாரம் இரண்டு நாள் போனார். படக்கதையில் யார் பெரியவர், யார் பேச வேண்டும், யார் வாயை மூட வேண்டும் எல்லாமே வரைகிறவன் இஷ்டம் என்று தெரிந்ததும் மனுஷருக்குக் கண் கலங்கிவிட்டது.

வாத்தியாரம்மா ஒரு பக்கம் வரையச் சொன்னார். அவரவர் வீட்டுக் கதை, ஆறு கட்டம். முதலில் படமும், பேச்சு எழுதும் பலூன்களும். பேச்சைக் கடைசியில் பென்சிலில் எழுதினால் போதும், மை பிறகு. வகுப்பில் சிறந்த பக்கம் கல்லூரிப் புத்தகத்தில் அச்சாகும். புத்தகம் நூலகத்துக்குப் போகும்.

நூலகம்! சாகாவரம் கிடைத்த மாதிரிதான்.

போன மாதம் அலமாரியை எந்தச் சுவரில் வைப்பது என்று வீட்டில் நடந்த சண்டையை எடுத்துக்கொண்டார். நிஜத்தில் தோற்றவர் காகிதத்தில் ஜெயித்தார். கட்டத்துக்குக் கட்டம் கை நீட்டி உத்தரவு போட்டார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நான்தான்."

"தலையில என்ன?"

"முடி."

"ஓஹோ. மூலையில எறும்பு மாதிரி?"

"நீ. தூரத்துல நிக்கிற. தூரத்துல இருக்கிறது சின்னதாத்தான் தெரியும்."

"நம்ம ரூம்லயா? அதுல ரெண்டு பேர் திரும்பினாலே இடிச்சுக்குவோமே!"

"கலைன்னா அப்படித்தான்."

"உங்க பலூன் பூசணிக்காய் மாதிரி இருக்கு. எனக்கு மட்டும் எலுமிச்சம்பழமா?"

"எனக்குப் பேச நிறைய இருக்கு."

"அப்படியா? சரிங்க" என்றாள் மனைவி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கேயே அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

கண்ணாடிக் கடைக்காரர் எழுத்தை மறுநாள் அவராலேயே படிக்க முடியாது. மனைவி எழுத்து முத்து முத்தாக இருக்கும். விண்ணப்பமோ கடிதமோ, அவள் எழுதுவாள், இவர் கையெழுத்துப் போடுவார். அதே வழக்கப்படி வசனத்தை ஒரு சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார்.

"அப்படியே எழுதிடு. ஒரு எழுத்து மாறக் கூடாது."

"எதுக்கு மாறப்போகுது?"

வகுப்பன்று அவர் கடையில் இருந்தபோதே காகிதத்தைச் சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டுக் கடைக்கே அனுப்பிவிட்டாள். ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவர், ஓரத்தில் கையெழுத்தைப் போட்டாரே தவிரப் பிரித்துப் பார்க்கவில்லை.

வாத்தியாரம்மா அதைப் பலகையில் குத்தினார். வகுப்பே கொல்லென்று சிரித்தது.

முதல் கட்டத்தில் கதாநாயகர் கை நீட்டி நிற்கிறார். பூசணிக்காய் பலூனின் நடுவில், கடுகளவு எழுத்தில்: "எங்கேம்மா வைக்கலாம்?" எலுமிச்சம்பழத்தில்: "ஜன்னல் பக்கம்." இரண்டாவது பூசணிக்காயில் "சரி." மூன்றாவதிலும் நாலாவதிலும் "அதுவும் சரி." ஐந்தாவதில் "ம்." ஆறாவது கட்டத்தில் எறும்பு தனியாக அலமாரியைத் தள்ளுகிறது. கதாநாயகர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. எறும்பு சொல்கிறது: "நீங்க அப்படியே நில்லுங்க, நான் தள்ளிக்கிறேன்."

"இவ்வளவு பெரிய பலூன்ல ஒரே ஒரு 'ம்'!" வாத்தியாரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை வருஷமா இதைத்தான் சொல்லிக்கொடுக்கப் பார்க்கறேன். புத்தகத்துக்கு இந்தப் பக்கம்தான். எல்லாம் நீங்களே யோசிச்சதா?"

எல்லாரும் கை தட்டினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்காகத் தட்டினார்கள். அவமானமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. "ஏதோ, மனசுல தோணிச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் பக்கத்தை மேஜை மேல் விரித்து வைத்து முறைத்தார்.

"நான் எழுதிக் கொடுத்தது என்ன, நீ எழுதியிருக்கிறது என்ன?"

"சீட்டைக் காணலைங்க. அவசரத்துக்கு, நீங்க வழக்கமா வீட்ல சொல்றதை எழுதிட்டேன். தப்பா?"

"தப்பாவா! வகுப்பே சிரிச்சுது!"

"ஐயோ பாவம். புத்தகத்துல போட மாட்டாங்களா?"

"போடறாங்க. இதைத்தான் போடறாங்க."

"அடடா, உங்க பேர்லயா?"

அவர் ஓரத்திலிருந்த தன் கையெழுத்தைப் பார்த்தார்.

மனைவி பென்சில் டப்பாவின் அடியிலிருந்து எதையோ எடுத்தாள். "இதோ பாருங்க, சீட்டு கிடைச்சிடுச்சு. பென்சில்தானே? அழிச்சுட்டு நீங்க சொன்னதையே எழுதிடறேன். ஒரு எழுத்து மாறாது." ரப்பரைப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் அவசர அவசரமாகச் சீட்டை அவள் கையிலிருந்து பிடுங்கி, நாலாகக் கிழித்து, அவரே குப்பைக் கூடையில் போட்டார்.